இறுதி ஆண்டு ஆய்வு: வன்னி மாணவர் திரும்பத் திரும்பக் கேட்பவை

பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களில் படிப்பவர்கள், வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்து மருத்துவ பீடத்துக்கோ மருதனார்மடத்து இசைத்துறைக்கோ போனவர்கள் எல்லோருக்கும் ஆய்வு என்று வந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். விளக்கத்துக்குப் பல இடங்களில் ஒரே உதாரணம் வரும்: வன்னிக் கோயில்களில் தவிலும் நாதஸ்வரமும் வாசிக்கும் கலைஞர்கள். அவர்களின் காது மருத்துவத்துக்கு, வாசிப்பு இசைக்கு, உழைப்பு வணிகத்துக்கு, சீடப்பிள்ளை உருவாகும் விதம் வழிகாட்டல் ஆய்வுக்கு.

1. தலைப்புக் கொண்டுபோனா "அகலம், அகலம்" எண்டு திருப்பி அனுப்பினம். எவ்வளவு ஒடுக்கினாத் தலைப்பு?

யாரைப் பற்றி, எதை அளக்கிறீர்கள், எந்த இடம், எந்தக் காலம், எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்ற ஐந்தும் தெரிய வேண்டும். "வன்னிக் கலைஞர்களின் சுகநலம்" என்பது ஒரு ஆயுளுக்கான வேலை. "கரைச்சிப் பிரிவில் 5 வருடத்துக்கு மேலாகத் தவில் வாசிப்போரின் கேள்திறன், அதே வயதில் வாசிக்காதோரின் கேள்திறனிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது?" என்றால் ஆறேழு மாதத்தில் முடிக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் சேர்த்து 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. முதற்பட்ட ஆய்வுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

ஒடுங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தரவு சேர்க்க முதலே, முடிவுகள் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வெறும் கோடாகக் கீறிப் பாருங்கள். நிரைக்கும் நிரலுக்கும் தலைப்பு எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் உருவாகவில்லை.

2. நோக்கம், குறிக்கோள், கருதுகோள் எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. நோக்கம் ஒரே வாக்கியம். குறிக்கோள்கள் அதை எட்டச் செய்யும் இரண்டு மூன்று அளவிடக்கூடிய வேலைகள். கருதுகோள், தரவு வந்தபின் பிழைத்துப்போகவும் இடமுள்ள ஒரு கூற்று. பிழைக்கவே முடியாத கூற்றைக் கருதுகோள் என்று எழுதாதீர்கள். நேர்காணலை மட்டுமே நம்பும் ஆய்வுக்குக் கருதுகோள் கட்டாயமில்லை. ஆய்வு வினா போதும்.

3. நான் விஞ்ஞானப் பிள்ளை. இசையைத் தொட விடுவினமோ?

விடுவார்கள். விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, கற்பித்து வந்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையின் சுருதிகளை அவர் கணக்காகவே போட்டுக் காட்டினார். தடை வருவது வேறு இடத்தில்: உங்கள் துறை மேற்பார்வையாளருக்கு இசையும், இசைத்துறைக்காரருக்குப் புள்ளிவிபரமும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே இணை மேற்பார்வையாளர் ஒருவரை மற்றத் துறையிலிருந்து முன்மொழிவு எழுதும்போதே கேளுங்கள். முன்மொழிவு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு சேர்க்கப் போனால் அவர் முறையியலையே மாற்றச் சொல்லுவார். அதில் அவர் பிழையும் இராது.

4. மேற்பார்வையாளர் இருக்கிறார்தானே, பிறகு "வழிகாட்டி" எண்டு வேற ஆள் எதுக்கு?

மேற்பார்வையாளர் உங்கள் ஆய்வுக்குப் பொறுப்பு. பல இடங்களில் புள்ளி போடுபவரும் அவர்தான். வழிகாட்டி உங்களுக்குப் பொறுப்பு. "சேர் சொன்னது விளங்கவில்லை", "இந்தத் துறையே எனக்குச் சரிவராது போல" என்பவற்றைப் புள்ளி போடுபவரிடம் சொல்லத் தயங்குவீர்கள். ஒரு வருடம் முன்னால் படித்த அக்காவோ அண்ணாவோகூட வழிகாட்டியாகலாம். மாதம் ஒருமுறை, 40 நிமிடம், கதைத்தது வெளியில் போகாது என்ற மூன்றையும் முதல் நாளே பேசித் தீர்த்துக்கொண்டால் அது நிலைக்கும். "தேவைப்பட்டா எடும்" என்று விட்டால் இரண்டு மாதத்தில் அறுந்துவிடும்.

5. மேற்பார்வையாளர் பதில் போடுறதே இல்லை. என்ன செய்ய?

முதலில் உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள். 38 பக்கத்தை இணைத்து "பார்த்துச் சொல்லுங்கோ சேர்" என்று அனுப்பினால், நேரம் கிடைக்கும்போது பார்ப்போம் என்று ஒதுங்கிவிடும். எந்தப் பக்கம், என்ன சந்தேகம், உங்கள் முடிவு என்ன, எந்தத் திகதிக்குள் தெரிய வேண்டும் என்று நான்கு வரி எழுதுங்கள். "மாதிரி 169 என்று கணக்கிட்டேன், 12ஆம் பக்கம். 20ஆம் திகதிக்குள் மறுப்பு இல்லையெனில் வினாக்கொத்தை அச்சிடுவேன்" என்பது போல.

ஏழு வேலைநாள் கழித்து ஒரு நினைவூட்டல், பிறகு நேரில், பிறகுதான் துறையின் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே, முடிவான விடயங்களை ஐந்து வரியில் அவருக்கே அனுப்பி வையுங்கள். கடைசி மாதத்தில் "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்ற கதை வந்தால் கையில் இருப்பது அந்த ஐந்து வரிதான்.

6. மாதிரிக்கு 385 பேர் எண்டு ஒரு நம்பரை எல்லாரும் போடினம். அது எங்கால வந்தது?

1.96இன் வர்க்கத்தை 0.5ஆலும் மீண்டும் 0.5ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் பிரித்தால் 384.16 வரும். அதாவது 95 வீத நம்பிக்கை மட்டம், கூடியும் குறைந்தும் 5 வீதப் பிழை, உண்மையான விகிதாசாரம் தெரியாததால் பாதி என்ற எடுகோள். இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். நூற்றுக்குப் பத்துப் பேர் பதில் தரமாட்டார்கள் என்று நினைத்தால் 385ஐ 0.9ஆல் பிரித்து 428 பேரை அணுக வேண்டும்.

குடித்தொகை, அதாவது நீங்கள் ஆராயும் வகையினரின் மொத்தத் தொகை, சிறிதானால் 385 தேவையில்லை. 384.16ஐ, ஒன்றோடு 383.16/குடித்தொகையைக் கூட்டி வரும் எண்ணால் பிரியுங்கள். 300 பேர் என்றால் 169. 60 பேர் என்றால் 52. அந்த நிலையில் மாதிரி எடுப்பதை விட்டுவிட்டு 60 பேரையும் பார்ப்பதுதான் புத்தி.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒரு வீதத்தை மதிப்பிட மட்டும்தான். இரண்டு குழுக்களை ஒப்பிடுவதற்கு, எதிர்பார்க்கும் வேறுபாட்டையும் 80 வீத வலுவையும் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் சாத்தியம்) வைத்து வேறு கணக்குப் போட வேண்டும். மேலும் இது எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்கியதுபோல, எடுத்த மாதிரிக்கானது. நாலு கோயிலுக்குப் போய் அங்கே நிற்பவர்களைப் பிடித்தால் அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்; எண் கூட வேண்டும்.

7. தவில்காரரின்ர பட்டியல் எங்கயும் இல்லையே, எழுமாற்றா எப்பிடி எடுக்கிறது?

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் பாருங்கள். அவரிடம் பெரும்பாலும் கலைஞர் பதிவு இருக்கும். அதோடு பிரிவிலுள்ள கோயில் தர்மகர்த்தா சபைகளிடம் கடந்த திருவிழாவுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். பதிவில் இல்லாதவர்கள் வயது குறைந்தவர்களாகவோ வேறு வேலையோடு வாசிப்பவர்களாகவோ இருப்பார்கள். அவர்களை விட்டால் உங்கள் ஆய்வு முழுநேரக் கலைஞர்களை மட்டும் பார்க்கும். ஒருவர் இன்னொருவரைக் காட்டும் பனிப்பந்து முறையில் சேர்த்தால் அதை அப்படியே எழுதுங்கள். "எழுமாற்று" என்று எழுதிவிட்டு வாய்மொழிப் பரீட்சையில் முழிக்க வேண்டாம்.

8. இசையில, வணிகத்தில என்ன நெறிமுறை அனுமதி? நாங்கள் ஊசியா போடுறம்?

மனிதரிடமிருந்து தரவு எடுத்தால் அனுமதி வேண்டும். வருமானம், கடன், சாதி, குரல்பதிவு எல்லாம் ஒருவருக்குத் தீங்கு செய்யக்கூடியவைதான். மருத்துவ அளவீடு இருந்தால் மருத்துவம் தெரிந்த நெறிமுறை மீளாய்வுக் குழுவிடமே போக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொன்று இயங்குகிறது. வேறு நிறுவனத்து மாணவராயின் உங்கள் துறைத் தலைவர் ஊடாக முன்கூட்டியே விசாரியுங்கள். மனிதரில் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலிருந்து திருத்தப்பட்டு வருகிறது. கடைசித் திருத்தம் 2024. பழைய ஆய்வேட்டிலிருந்து வரியைப் பிரதிபண்ணும்போது ஆண்டையும் பாருங்கள்.

தரவு சேர்த்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது. "பிறகு எடுப்பம்" என்று தொடங்கியவர்கள் சேர்த்த முழுவதையும் கைவிட நேரும். குழு முதற்சுற்றில் கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புவது வழமை, அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

9. யாரிட்ட முதல் அனுமதி எடுக்கிறது? ஒவ்வொருத்தரும் மற்றவரைக் காட்டினம்.

நெறிமுறைக் குழு முதலில். அந்தக் கடிதம் கையில் இருந்தால் மற்றக் கதவுகள் சுலபம். அரசாங்க வைத்தியசாலையில் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், பிறகு வைத்தியசாலைப் பொறுப்பாளர், பிறகு பிரிவின் வைத்திய நிபுணர். கிராமத்தில் என்றால் பிரதேச செயலாளர், பிறகு கிராம அலுவலர். கோயிலில் ஒலிப்பதிவுக்குத் தர்மகர்த்தா சபையும், வாசிக்கும் கலைஞர்களும் தனித்தனியாக. சபை ஓமென்றால் கலைஞரும் ஓமென்றதாகாது.

சில குழுக்கள் "இடத்து அனுமதி இருந்தால்தான் பரிசீலிப்போம்" என்னும். அங்கே "நெறிமுறை அனுமதி கிடைத்தால் ஆட்சேபணை இல்லை" என்று நிபந்தனைக் கடிதம் ஒன்று எடுத்தால் சிக்கல் தீரும்.

10. சம்மதப் படிவத்தில கையெழுத்து வைக்கப் பயப்பிடினம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கெங்கோ கையெழுத்து வைத்து, பெயர் எங்கெங்கோ போன அனுபவம் உள்ள ஊர்கள் இவை. வாய்மொழிச் சம்மதம் எடுக்க நெறிமுறைக் குழுவிடம் முன்பே அனுமதி கேட்கலாம். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் சம்மதத்தைப் பதிவு செய்யலாம். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால் பெருவிரல் அடையாளமும், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையொப்பமும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் இணக்கமும் வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்பவேண்டாம். "இந்தப் பிரிவிலுள்ள ஒரேயொரு பெண் நாதஸ்வரக் கலைஞர், வயது 34" என்று எழுதினால் ஊரில் யாருக்குத் தெரியாது? வயதைப் பத்தாண்டு இடைவெளியாகவும் இடத்தை மாவட்டமாகவும் மாற்றுங்கள். பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் தாள் தரவோடு ஒரே மடிக்கணினியில் இருக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது.

11. இந்தியாவில செய்த தமிழ் வினாக்கொத்து இருக்கு. அப்பிடியே பாவிக்கலாமோ?

அப்படியே பாவிக்க வேண்டாம். "மருத்துவர் உங்களிடம் பேசினாரா?" என்ற கேள்வியை எடுங்கள். இங்கே "பேசினார்" என்றால் ஏசினார் என்றும் கொள்ளுவார்கள். வயதான அம்மா "இல்லைத் தம்பி, அவர் தங்கமான டொக்டர்" என்பார். நீங்கள் "தொடர்பாடல் இல்லை" என்று குறிப்பீர்கள். "கதைத்தாரா" என்று கேட்டிருக்க வேண்டும். அதேபோல இங்கே "யோசனை" என்பது கவலை. "உங்களுக்கு அடிக்கடி யோசனை வருகிறதா?" என்பது இந்தியாவில் ஒரு கேள்வி, வன்னியில் வேறொரு கேள்வி.

முறை இதுதான்: மூலத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும், வேறுபாடுகளைத் தீர்த்தபின் பத்துப் பேரிடம் கொடுத்து "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன விளங்கினது?" என்று கேட்க வேண்டும். கடைசிப் படியைத்தான் நேரமில்லை என்று விடுகிறார்கள். மேலே உள்ள "பேசினார்" அகப்படுவதும் அங்கேதான். உரிமையுள்ள வினாக்கொத்தானால் ஆக்கியவரின் எழுத்து அனுமதியும் இணைக்க வேண்டும்.

12. குரோன்பாக் அல்பா 0.7க்குக் கீழ வருது. என்ர ஆய்வு முடிஞ்சுதா?

முதலில் எதற்கு அல்பா பார்த்தீர்கள்? வயது, வருமானம், பிள்ளைகளின் தொகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே கருத்தை அளக்கும் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க மட்டும்தான் அது. எதிர்மறைக் கூற்றுகளின் புள்ளியைத் திருப்பிப் போட்டீர்களா என்று பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதுதான். மூன்று நாலு கூற்றுகள்தான் என்றால் அல்பா இயல்பாகவே குறையும்.

13. தவில் சத்தத்தை போன் செயலியால அளக்கலாமோ?

அறிமுகத்துக்கு அளந்து பார்க்கலாம். ஆய்வுக்கு அளவு திருத்திய ஒலிமட்டமானி வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் ஐபோனுக்கு இலவசச் செயலி வெளியிட்டிருக்கிறது. அன்ட்ரொய்டில் மைக் போனுக்குப் போன் மாறுவதால் அங்கே வெளியிடவில்லை. பொறியியல், தொழில்நுட்ப பீடங்களில் மானி இருக்கும், துறைக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

அளக்கும்போது மானியை ஏ நிறையிடலிலும் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற அமைப்பு) மெதுவான பதிலிலும் வையுங்கள். தொடங்க முன்னும் முடித்த பின்னும் 94 டெசிபல், 1000 ஹேட்ஸ் அளவுதிருத்தியால் சரிபாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு டெசிபலுக்கு மேல் வேறுபட்டால் அன்றைய அளவீட்டை விட்டுவிடுங்கள். மைக் கலைஞரின் காதுக்குக் கிட்ட, தோள்மட்டத்தில். தவிலின் வலப்பக்கமான வலந்தலையை விரல்களில் கூடு போட்ட வலக்கையாலும், இடப்பக்கமான தொப்பியை இடக்கையில் பிடித்த கழியாலும் அடிப்பதால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் போகாது. வலம் இடம் தனித்தனியே எடுங்கள். கோயில் ஒலிபெருக்கி எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள்.

டெசிபலைச் சும்மா கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. சம நேரம் நீடித்த 90க்கும் 100க்கும் சராசரி 95 அல்ல, 97.4; மடக்கையிலிருந்து சக்திக்கு மாற்றிக் கணித்துத் திருப்பி மாற்ற வேண்டும். நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 3 டெசிபல் கூடும்போது நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு 15 நிமிடம்.

14. காதுப் பரிசோதனையும் நானே செய்யலாமோ?

கூடாது. தூய தொனிக் கேள்திறன் சோதனையைப் பயிற்சி பெற்ற கேள்திறன் நிபுணர், ஒலியடைத்த அறையில் செய்ய வேண்டும். உங்கள் வேலை ஆளைச் சரியான நேரத்தில் கொண்டுவருவது. சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பெருஞ்சத்தம் கேட்டிருக்கக் கூடாது. தேர்த்திருவிழா முடிந்த மறுநாள் காலையில் சோதித்தால் நீங்கள் அளப்பது தற்காலிக மந்தத்தை. காதுக்குடுமி (காது அழுக்கு) அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சத்தத்தால் வரும் குறைபாடு 3000 முதல் 6000 ஹேட்ஸ் வரை, சாதாரணமாக 4000இல், சோதனை வரைபில் ஒரு பள்ளமாகத் தெரியும். வயதால் வருவது ஹேட்ஸ் கூடக் கூடச் சரிந்துகொண்டே போகும். அதனால்தான் 1ஆம் கேள்வியில் "அதே வயதில்" என்று சேர்த்தோம்.

குறைபாடு கண்டால் அவருக்குச் சொல்லி, காது மூக்கு தொண்டைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும் கடிதம் தயாராக இருக்க வேண்டும். அதை நெறிமுறை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

15. கூத்தைப் போனில பதிஞ்சன், மத்தளம் வரேக்க பாட்டுக் கேக்குதில்லை.

போன் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மத்தளம் அடித்ததும் முழுவதையும் தாழ்த்திவிட்டு மெல்ல ஏற்றும். குரல் அதற்குள் மூழ்கிவிடும். அந்தப் பதிவைத் திருத்தி எடுக்க வழியில்லை. சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கடன் வாங்கி, தானியங்கி மட்டத்தை நிறுத்திவிட்டு, மிகப் பெரிய அடி கருவியின் மட்டக்காட்டியில் சைபருக்குக் கீழே 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். 48 கிலோஹேட்ஸ், 24 பிட், இரு தடம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட். கோவலன் கூத்தை விடிய விடியப் பதிய 8 ஜிகாபைட்டுக்கு மேல் இடமும் இரண்டு சோடி மின்கலமும் வேண்டும். கருவியை மின்பிறப்பாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் எட்ட வையுங்கள்.

தொடக்கத்தில் திகதி, இடம், என்ன நிகழ்வு என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். எழுத்தாக்கத்துக்கு ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டானால் இன்னும் கூட. சுருதியைப் பிராட் போன்ற இலவச மென்பொருளில் அளக்க நினைத்தால் தவிலும், சுருதி பிடிக்கும் ஒத்தும் இல்லாத தனிப் பதிவு ஒன்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் கலந்த பதிவில் மென்பொருள் எதைப் பிடிக்கும் என்று சொல்ல இயலாது.

16. அருவிவெட்டுப் (நெல் அறுவடை) பாட்டுக்கு உரிமையாளர் ஆர்? யூடியூப்பில போடலாமோ?

பாடியவருக்கு அவர் பாடிய நிகழ்த்துகையில் உரிமை உண்டு. பாட்டு ஊருக்குச் சொந்தமானாலும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளை வியாபார நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் விலக்கு உண்டு. ஆய்வுக்கென்று பதிந்ததை யூடியூப்பில் போடுவது அந்த விலக்குக்குள் வருமென்று நம்ப வேண்டாம். சம்மதப் படிவத்தில் "ஆய்வுக்கு", "காப்பகத்துக்கு", "பொதுவெளிக்கு" என்று மூன்று தனிக் கட்டங்கள் வையுங்கள்.

17. "வருசம் எவ்வளவு உழைப்பீங்கள்?" எண்டு கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி உருட்டிச் சொல்லினம்.

அப்படிக் கேட்டால் அப்படித்தான் வரும். ஆடியும் மார்கழியும் கலியாணமில்லாத மாதங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பிறகு ஊர்த் திருவிழாக்கள். மாத நாட்காட்டியை முன்னால் விரித்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை நிகழ்வு, எங்கே என்று கேளுங்கள். பிறகு கடைசி மூன்று நிகழ்வுகளுக்கு மட்டும் பேசிய தொகை, அச்சாரம், வாகனச் செலவு, குழுவில் எத்தனை பேர், இவர் பங்கு என்ன என்று பிரித்துக் கேளுங்கள். குழுத் தலைவர் முழுத் தொகையைச் சொல்லுவார், கூட வாசிப்பவர் தன் பங்கைச் சொல்லுவார். பிரிக்காமல் சேர்த்தால் இரண்டும் ஒரே நிரலில் போய் விழும்.

வருமானத்துக்கு இடையை (சராசரி) விட இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) கொடுங்கள். ஓரிருவர் வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போய் வந்திருந்தாலே இடை ஏறிவிடும்.

18. எப்ப களத்துக்குப் போறது நல்லம்?

கார்த்திகை மார்கழியில் மழை, பாதை. தை மாசியில் பெரும்போக அருவிவெட்டு. அந்த நேரம் விவசாயியிடம் 40 நிமிட வினாக்கொத்து நீட்டுவது பாவம். திருவிழாக் காலத்தில் கலைஞர்கள் வீட்டில் இரார். பங்குனி, சித்திரை தோது. சிக்னல் இல்லாத உள்ளூர்களுக்குக் கோபோ டூல்பொக்ஸ் போல இணையமில்லாமல் நிரப்பிப் பிறகு அனுப்பும் செயலி உதவும்.

19. "போன கிழமையும் ஒரு பிள்ளை வந்து எழுதிக்கொண்டு போனது, ஒண்டும் வரேல்லை" எண்டு சொல்லினம்.

2009க்குப் பிறகு வன்னிக் கிராமங்களில் கணக்கெடுப்புக்கு முடிவில்லை. உதவி வருமென்ற எண்ணத்தை முகத்தால்கூடக் காட்டாதீர்கள். "இது படிப்புக்கு, இதால் உதவி வராது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இருக்கும் தரவை முதலில் பாவியுங்கள். மாவட்டச் செயலகங்களின் புள்ளிவிபரக் கைந்நூலில் குடும்பம், தொழில், கால்நடை வரை இருக்கும். அரச நிறுவனத்திடம் உள்ள வேறு தகவலை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்கு "நூலகம்" என்ற இணையத்தளம் இருக்கிறது.

இழப்புப் பற்றிய கேள்வி உங்கள் தலைப்புக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம். தேவையானால், ஆள் கலங்கினால் எங்கே நிறுத்துவீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

20. பி மதிப்பு 0.05க்குக் கீழ வந்த ஒண்டைத்தான் எழுதப் போறன், மற்றதை விடலாமோ?

விடக்கூடாது. பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதற்கு மேல் வேறுபாடு தற்செயலாக வரும் சாத்தியம். ஒன்றுமே இல்லாத தரவில் ஒன்றையொன்று சாராத 20 சோதனை செய்தால், குறைந்தது ஒன்றாவது தற்செயலாக 0.05க்குக் கீழே வர 64 வீதச் சாத்தியம் உண்டு. எத்தனை சோதனை செய்தீர்கள் என்று எழுதுங்கள். பி மதிப்போடு வேறுபாட்டின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள். வேறுபாடு இல்லை என்று வந்தாலும் அது முடிவுதான். மாதிரி போதாமல் வந்த "இல்லை"யா, உண்மையான "இல்லை"யா என்று பிரித்துச் சொல்ல 6ஆம் கேள்வியின் எச்சரிக்கையில் சொன்ன வலுக் கணக்கு உதவும்.

21. இசை நோயை மாத்தும் எண்டு நிரூபிக்க விரும்புறன்.

நிரூபிக்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். மோசார்ட்டின் இசையைக் கேட்டால் புத்தி கூடும் என்ற கதை 1993இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது: 36 கல்லூரி மாணவர், 10 நிமிடம் இசை, இடஞ்சார்ந்த சிந்தனைச் சோதனை. விளைவு நின்றது 10 முதல் 15 நிமிடம். குழந்தைகளை யாரும் அதில் சோதிக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன்னான பதற்றத்தை இசை குறைக்கிறதா என்பது அளக்கக் கூடியது. ஸ்பீல்பேர்கரின் பதற்ற அளவுகோலில் அந்நேரப் பதற்றத்துக்கு 20 கூற்றுகள். புள்ளி 20 முதல் 80 வரை. ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஹெட்போன் மாட்டி இசையில்லாமல் விடுங்கள்; புள்ளி எடுப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது; என்ன இசை கேட்பது என்பதை நோயாளியே தெரிவு செய்யட்டும். உங்களுக்குப் பிடித்த ராகம் அவருக்குச் செத்தவீட்டை நினைவூட்டலாம். எழுமாற்றாகப் பிரித்தால் அது மருத்துவச் சோதனை. முதல் ஆளைச் சேர்க்கும் முன் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

22. எங்கட துறையின்ர வழிகாட்டல் திட்டத்தையே ஆய்வு செய்யலாமோ? விரிவுரையாளர்தான் கேள்வி கேப்பார்.

தலைப்பு நல்லது, கேட்பவர் பிழை. தனக்குப் புள்ளி போடுபவர் "என் வழிகாட்டல் எப்படி?" என்று கேட்டால் யார் குறை சொல்லுவார்? வேறு துறை மாணவர் நேர்காணட்டும், பரீட்சை முடிவு வந்தபின் காணட்டும், எழுத்தாக்கத்தில் பெயர் எடுத்த பிறகே விரிவுரையாளர் பார்க்கட்டும். "திருப்தியா?" என்று கேட்பதை விட எத்தனை முறை சந்தித்தீர்கள், கடைசிச் சந்திப்பில் என்ன முடிவானது என்று கேட்டால் உண்மை வரும்.

23. நாங்கள் நாலு பேர், நாலு துறை, ஒரே கலைஞர்கள். ஒரே தரவை நாலு பேரும் பாவிக்கலாமோ?

பாவிக்கலாம், வரவேற்கத்தக்கதும்கூட, 19ஆம் கேள்வியில் சொன்ன களைப்பு குறையும். ஆனால் நெறிமுறை விண்ணப்பம் ஒன்றாகப் போக வேண்டும், சம்மதப் படிவத்தில் நாலு ஆய்வும் இருக்க வேண்டும். யாருடைய கேள்வி எது, யார் எதை முதலில் வெளியிடுவார், பொது அட்டவணை யாருடைய ஏட்டில் வரும் என்று ஒரு பக்கம் எழுதி நாலு பேரும் மேற்பார்வையாளர்களும் கையெழுத்திடுங்கள். முறையியல் அத்தியாயத்தை ஒருவர் எழுதி மற்றவர்கள் பிரதிபண்ணினால் அது களவாகவே கணிக்கப்படும். காதுச் சோதனை முடிவு மருத்துவ மாணவரைத் தாண்டிப் பெயரோடு போகக்கூடாது.

24. கட்டுரையில சேரின்ர பேரை முதல் போடச் சொல்லினம்.

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு. நான்கும் உள்ளவர் கட்டுரையின் ஆசிரியர். வரிசையைத் தரவு சேர்க்க முதலே பேசுங்கள். தொகுத்து எழுதியபின் பேசினால் பேச்சு கசக்கும். கலைஞருக்கும் கலாசார உத்தியோகத்தருக்கும் இடம் நன்றியுரை. பாட்டுக்கு விளக்கம் தந்து பகுப்பாய்விலும் கூட இருந்து எழுதியதையும் பார்த்துத் திருத்திய அண்ணாவியாருக்கு (கூத்துப் பழக்குபவர்) கட்டுரை ஆசிரியர் இடமே தகும்.

25. "ஏழு நாளில வெளியிடுறம், காசு கட்டுங்கோ" எண்டு மின்னஞ்சல் வந்திருக்கு.

கட்ட வேண்டாம். ஏழு நாளில் யாரும் ஒழுங்காக வாசித்து மதிப்பிடுவதில்லை. இதழின் பெயரை ஸ்கோப்பஸ் பட்டியலிலும் திறந்த அணுக்க இதழ்களின் விபரக்கொத்திலும் நீங்களே தேடிப் பாருங்கள். இதழின் தளத்தில் போட்டிருக்கும் இலச்சினையை நம்பாதீர்கள். இலங்கை இதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் தொடங்கலாம்.

26. சாட்ஜிபிடி மேற்கோள் எல்லாம் தந்தது. போடலாமோ?

ஒவ்வொன்றின் எண்ணிம அடையாள இலக்கத்தையும் (டிஓஐ) திறந்து பார்த்து, கட்டுரையை வாசித்த பிறகு மட்டும். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரைப் போட்டுத் தரும் பழக்கம் அதற்கு உண்டு. மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோடெரோ மென்பொருளில் மூலக் கோப்போடு சேமித்த மேற்கோளை மட்டும் ஏட்டில் விடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. நேர்காணல் எழுத்தாக்கத்தைச் சாட்ஜிபிடிக்குள் ஒட்டுவது, 10ஆம் கேள்வியில் சொன்ன பெயரும் இலக்கமும் உள்ள தாளை வெளியாளிடம் கொடுப்பதற்குச் சமம். நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதித்தால் ஒழியச் செய்யாதீர்கள்.